வராத புகார்

பள்ளிப்பட்டு துணைமின் நிலையத்தில்
போன் எடுப்பது என் வேலை.
கரண்ட் கொடுப்பது இல்லை.
ஆறு வருஷமாக
இதை ஒருவருக்கும் புரியவைக்க முடியவில்லை.

கத்திரி பிறந்து ஒன்பதாம் நாள்,
பகல் பதினொன்று இருபதுக்கு
இரண்டாம் டிரான்ஸ்பார்மர் எண்ணெய் கக்கியது.
நகரி மலையின் மூக்கு
வெயிலில் கரைந்து காணாமல் போயிருந்தது.
ஆற்று மணலில் நாய்கூட இறங்கவில்லை.

முதல் போன் ஐஸ்கிரீம் கடை.
அடுத்தது தறிக்கூடம்:
நாற்பது தறியும் ஒரே நேரத்தில் நின்றதில்
காது அடைத்துவிட்டதாம்.
மூன்றாவது வெறும் கெட்ட வார்த்தை.
நான்காவதாக ஒரு பெண், மெல்ல,
"ஃபிரிட்ஜில இன்சுலின் இருக்கு மேடம்,
எவ்வளவு நேரம் தாங்கும்?"

எனக்குத் தெரியாது.
கதவைத் திறக்காதீங்க என்றேன்.
மருந்துக்கடை இம்தியாஸிடம் கேட்டுத்
திரும்பக் கூப்பிட்டேன்:
ரொம்ப நேரமானால் மண்பானை, ஈரமணல்,
மருந்து நனையாமல் ஒரு டப்பா.

அதோடு வாய் பழகிவிட்டது.
எப்ப வரும் என்று யார் கேட்டாலும்
தண்ணி குடிச்சீங்களா என்றேன்.
"கரண்ட் ஆபீஸ் எப்ப தண்ணி ஆபீஸ் ஆச்சு?"
என்றார் ஒருவர்.
ஒரு பையன் பதிலே சொல்லாமல்
போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குடித்தான்.
மடக் மடக்கென்று கேட்டது.

பன்னிரண்டு மணிக்கு
நோட்டில் இருபத்து மூன்று புகார்.
மூன்று ஏழில் முடியும் எண் மட்டும் இல்லை.

வெங்கடமுனி.
தறிக்கூடத்துக்கு மேல் சிமெண்ட் ஷீட் அறை.
கரண்ட் போன நாலாவது நிமிஷம்
"ஏமம்மா, நித்ர போத்துன்னாவா?" என்று
தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார்,
தமிழில் போதாவிட்டால் மறுபடி தெலுங்கு.

முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது,
ஒத்துக்கொள்கிறேன்.
பன்னிரண்டரைக்கு அந்த நிம்மதி
உள்ளங்கையில் வேர்த்தது.
நானே கூப்பிட்டேன்.
மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

"யுவராஜ், கம்பத்தைவிட்டு இறங்கு."
"பத்தே நிமிஷம்க்கா, முடிஞ்சிடும்."
"ஊர் இன்னொரு பத்து நிமிஷம் திட்டட்டும். இறங்கு.
நீயும் குடிச்சிட்டு ஓடு."

ஷீட்டுக்கு அடியில் கட்டில்.
தொட்டால் சுட்டது உடம்பு, ஒரு சொட்டு வியர்வை இல்லை.
கண் திறந்திருக்க
இல்லாத யாரையோ வா வா என்றாராம்.
நாலு பேர் தூக்கித் தறி நிழலில் கிடத்தினார்கள்.
கொடியில் கிடந்த லுங்கியை யுவராஜ் மூன்றாகக் கிழித்து,
நனைத்து,
கழுத்தில், அக்குளில், தொடை இடுக்கில் வைத்தான்.
அட்டை எடுத்து விசிறினார்கள்.
சொம்போடு வந்தவளைத் தடுத்தான்:
முழுங்கற நினைவு வரட்டும், இப்ப ஊத்தாதே.

நூற்றெட்டை நான் அழைத்தேன்.
என் போன் எப்போதும் ஆந்திரா டவரைப் பிடிக்கும்.
"செப்பண்டி, எக்கட?" என்றது குரல்.
எனக்குத் தெரிந்த தெலுங்கு
அந்த மனிதர் திட்டியது மட்டும்.
ஆறு வருஷத் திட்டிலிருந்து பொறுக்கினேன்:
எண்ட. மேட.
சச்சிப்போதாரு.
தொந்தரகா ரண்டி.

நகரியிலிருந்து வந்தது வண்டி.
எல்லை செக்போஸ்ட்டில் எவரும் எதுவும் கேட்கவில்லை.

நாலு பத்துக்கு கரண்ட் வந்தது.
தறிகள் ஒவ்வொன்றாக இருமிக்கொண்டு எழுந்தன.
நோட்டில் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.
வராத புகாருக்குக் கட்டம் கிடையாது.
ஒரு வரியைக் காலியாக விட்டுவைத்தேன்.

எட்டாம் நாள் இரவு,
ஊரெல்லாம் விளக்கு எரிந்துகொண்டிருக்க,
மூன்று ஏழு.

"ஏமம்மா,
நா கொத்த லுங்கி.
ஒருநாள்கூடக் கட்டலை.
எவன் கிழிச்சது?"

புகார் பதிவு செய்யப்பட்டது என்றேன்.
அந்தக் காலி வரியில்
எழுதவும் செய்தேன்.